ஓட்டைக் காலணாவுக்கு லட்ச லட்சமாகத் தருகிறோம் என்று யாராவது சொன்னால்

போகிக்குப் பரண் ஒழித்தபோது ஆச்சியின் சுருக்குப்பை கிடைத்தது. உள்ளே 23 செப்புக் காசுகள். அந்தக் காசுகளால் எங்கள் வீட்டில் 22,450 ரூபாய் போனது. பணம் போனதைவிட என்னை வருத்துவது வேறொன்று, அதையும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பை இருக்கலாம்.

முகநூலில் ஒரு வீடியோ வந்தது. உள்ளங்கையில் ஓட்டைக் காலணா, கீழே "15 லட்சம்" என்று கொட்டை எழுத்து, ஒரு வாட்ஸ்அப் எண். அப்பா காட்டினார், நானும் நம்பினேன். காசுகளைப் படம் எடுத்து அனுப்பிய பத்தாவது நிமிடம் அழைப்பு வந்துவிட்டது. பேசியவன் அப்பாவை வாய்க்கு வாய் "ஐயா" என்றான். "வருஷம் சரியாத் தெரியலைங்க ஐயா. புளி போட்டு நல்லா விளக்கிட்டு மறுபடி போட்டோ அனுப்புங்க" என்றான். அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி உட்கார்ந்து அத்தனை காசையும் பளபளவென்று ஆக்கிவிட்டார்.

முதலில் பதிவுக் கட்டணம் 1,150 ரூபாய். கட்டியதும் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது, எங்கள் காசுகளின் மதிப்பு 18 லட்சம் என்று. அதற்கு ஜிஎஸ்டி 6,800. பிறகு ரிசர்வ் வங்கி ஒப்புதலுக்கு என்று 14,500, அது அப்பாவின் பென்ஷன் பணம். நான்காவது முறை இன்சூரன்ஸ் என்று 32,000 கேட்டபோதுதான் என் மனைவி, "வாங்குறவங்கதானே காசு தரணும், நாம எதுக்குத் தந்துக்கிட்டே இருக்கோம்?" என்றாள். அவ்வளவு எளிய கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

தர முடியாது என்றதும் "ஐயா" போய்விட்டது. நூறு வருடம் தாண்டிய காசை வீட்டில் வைத்திருப்பது குற்றம், போலீஸ் வரும் என்று மிரட்டினான். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய காசை வீட்டில் வைத்திருப்பது குற்றமே இல்லை. நூறு வருடப் பழமையான பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதுதான் சட்டப்படி தப்பு. இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. பழைய காசு, நோட்டு விற்பதிலோ வாங்குவதிலோ தனக்குச் சம்பந்தமில்லை, எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டது. 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் கொடுத்தோம், ஆனால் நாங்கள் அழைத்தபோது ஒன்பது நாள் கடந்திருந்தது. பணம் அனுப்பிய உடனே அழைத்தால் வங்கியில் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. எங்கள் பணம் இதுவரை வரவில்லை.

அப்புறம் நண்பர் ஒருவர், நாற்பது வருடமாகக் காசு சேர்க்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். அவர் ஒரு துணியை விரித்துக் காசுகளை வகை பிரித்தார். ஒவ்வொன்றையும் சின்னத் தராசில் வைத்தார், காந்தத்தை அருகே கொண்டுபோனார், விளிம்பை லென்ஸில் பார்த்தார். செம்பு காந்தத்தில் ஒட்டாது. அச்சில் உருக்கி வார்த்த போலிக் காசின் விளிம்பில் கோடு தெரியும், முகத்தில் குண்டூசி முனை அளவுக் குழிகள் இருக்கும்.

ஓட்டைக் காலணாக்கள் ஒன்பதையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டார். 1943 முதல் 1947 வரை, போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டில் நடுவில் துளைபோட்டுக் கோடிக்கணக்கில் அச்சடித்த காசு அது. ராமர் பட்டாபிஷேகம் போட்ட "1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி அரையணா" ஒன்றும் இருந்தது. அப்பா மிகவும் நம்பியிருந்தது அதைத்தான். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை என்றார் பெரியவர். கம்பெனி காசில் சாமி உருவம் உண்டு, சென்னையில் அச்சான நட்சத்திரப் பகோடா என்ற தங்கக் காசில் திருமால் இருப்பார். ஆனால் இந்த 1818 வகை பின்னாளில் செய்து விற்ற பொம்மைக் காசு. அரிசியை இழுக்கும், இரிடியம் என்ற அபூர்வ உலோகம் இருக்கிறது என்று சொல்லி லட்சக்கணக்கில் பிடுங்குவதும் இப்படிப்பட்ட காசுகளைக் காட்டித்தான்.

"அப்போ இது 1835 ஆச்சே, இருநூறு வருஷம் ஆகப்போகுதே?" என்று ஒரு கம்பெனி காலணாவைக் காட்டினேன். வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று அவர் சொன்ன கதை எனக்குப் புதிது. சென்னை ராஜதானியில் புழங்குவதற்காக இங்கிலாந்தில் அச்சடித்த 1808-ஆம் ஆண்டுப் பத்துக் காசு, இருபதுக் காசுகளை ஏற்றிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் மூழ்கிவிட்டது. 1980-களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். நம் ஊருக்கு வந்து சேராத காசு, அவ்வளவு பழையது, இன்றும் சாதாரண விலைக்கே கிடைக்கிறது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எவ்வளவு தேயாமல் இருக்கிறது, இதைத்தான் அவர் பார்க்கிறார்.

கடைசியில் ஒரு காசை எடுத்து நீண்ட நேரம் பார்த்தார். ஐந்தாம் ஜார்ஜ் காலணா, வருடம் 1911. அந்த வருட அச்சில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அடுத்த வருடமே அச்சை மாற்றினார்கள். அதனால் சேகரிப்பவர்கள் 1911-ஐத் தனியாகத் தேடுவார்கள். எங்கள் காசில் கிரீடத்தின் கற்கள்கூடத் தேயவில்லை, ஆச்சி துணியில் சுற்றியே வைத்திருந்தார்.

"இதை யார் விளக்கினது?" என்று கேட்டார். சொன்னேன். செம்பின் மேல் நூறு வருடமாகப் படிந்த பழுப்புதான் அதன் தோல், அதை உரித்துவிட்டால் திரும்ப வராது என்றார். "அழுக்கோட கொண்டுவந்திருந்தா நானே வாங்கியிருப்பேன் தம்பி."

அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. காசை அதே துணியில் சுற்றி அதே சுருக்குப்பையில் வைத்திருக்கிறேன். போன வாரம் அந்த வீடியோ மறுபடி கண்ணில் பட்டது. பெயரும் எண்ணும் வேறு, உள்ளங்கையும் ஓட்டைக் காலணாவும் அதேதான். கீழே ஒரு பெரியவர், "என்னிடம் நான்கு இருக்கிறது, எங்கே அனுப்ப வேண்டும்?" என்று கேட்டிருந்தார். அனுப்பாதீர்கள் ஐயா, புளி போட்டு விளக்கவும் செய்யாதீர்கள் என்று பதில் எழுதினேன்.