ஸ்டிக்கரில் 500 வாட், அடியில் எங்கள் பழைய மோட்டார்

ஆக்சிலேட்டரைத் திருகியிருந்த கையை என் மகன் விட்டுவிட்டான். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பிரேக்கைப் பிடித்தான். பின்சக்கரம் கிறீச்சிட்டுக் கொஞ்சம் திணறியதே தவிர நிற்கவில்லை. எட்டு வயதுக் கை, அதற்குமேல் எவ்வளவு அழுத்தும்? மைதானத்து ஓரத்தில் இருந்த செடிவேலியில் மோதிச் சாய்ந்தான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோதும், தரையில் கிடந்த வண்டியின் சக்கரம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பிய பிறகுதான் அடங்கியது. முழங்கையில் சிராய்ப்பு, ஹெல்மெட்டில் ஒரு கீறல். அவ்வளவோடு போயிற்று. வேலி இருந்த இடத்தில் சாலை இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இது குழந்தைகள் ஓட்டும் சிறிய எலக்ட்ரிக் பைக். அதன் மோட்டாரையும் பேட்டரியையும் பெரிதாக்கித் தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் கொடுத்து ஏமாந்த கதையைத்தான் எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். இதே வேலையை இதே விதமாகச் செய்கிறவர் அவர் ஒருவர்தான் என்று நான் நம்பவில்லை.

வாங்கியபோது வண்டி 24 வோல்ட். இருக்கைக்கு அடியில் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் இரண்டு, தொடராக இணைத்தவை. மோட்டார் 250 வாட். முதல் ஆண்டில் ஒரு முறை சார்ஜ் செய்தால் நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு பள்ளித் தேர்வு, மழை என்று சில மாதங்கள் மூலையில் கிடந்தது. மீண்டும் எடுத்தபோது பத்து நிமிடத்தில் படுத்துவிட்டது. ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுக் கொள்ளளவு போய்விடும். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இரண்டு பேட்டரிகளை மட்டும் மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

கடைக்காரர் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். “இதெல்லாம் பழைய காலத்துப் பேட்டரி மேடம். 36 வோல்ட் லித்தியம் போட்டுவிடலாம், 20 ஆம்பியர் அவர். மோட்டாரை 500 வாட் ஆக்கிவிடுகிறேன். கன்ட்ரோலர், ஒயரிங் எல்லாம் புதிது. பையன் பறப்பான்” என்றார். (ஆம்பியர் அவர் என்பது பேட்டரியின் கொள்ளளவு; கன்ட்ரோலர் என்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி.) பையன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு நான் எப்படி மறுப்பேன்? அவர் சொன்ன தொகையில் பாதிக்குமேல் முன்பணமாகக் கொடுத்தேன். ரசீதில் “பைக் வேலை, முழுவதும்” என்று ஒரே வரி. மோட்டாரின் வாட் இல்லை, பேட்டரியின் அளவு இல்லை, உத்தரவாதம் இல்லை. ஆறு மாத உத்தரவாதத்தை வாயால் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்துப் போனோம். மோட்டார் கறுப்புப் பெயின்ட்டில் பளபளத்தது. மேலே வெள்ளி நிற ஸ்டிக்கர், 36 வோல்ட், 500 வாட். மோட்டாரின் அளவு முன்பு போலவே இருக்கிறதே என்று கேட்டேன். “ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் மேடம்” என்றார். மகன் ஓட்டினான். உண்மையாகவே பறந்தான். நான் வாயை மூடிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுத்தேன்.

என்னைப் போன்றவர்கள் விழும் குழி இதுதான். இவ்வகை வண்டிகளில், சுற்றும் பகுதிக்கு உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் வைத்த சாதாரண டிசி மோட்டார்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம் கூடினால் சுற்றும் வேகமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். 24 வோல்ட் மோட்டாருக்கு 36 வோல்ட் கொடுத்தால் அது ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றும். புது மோட்டார் எதுவும் தேவையில்லை. வேகத்தைக் கண்டு, மோட்டாரை மாற்றிவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். அவர் மாற்றியது வோல்ட்டை மட்டும். வேகம் ஒன்றரை மடங்கானால், நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. பிரேக்கோ பின்சக்கரத்தில் மட்டும் இருக்கும் அதே பழைய பிரேக்.

இரண்டாவது வாரத்திலேயே தொல்லை தொடங்கியது. புறப்படும்போது ஆக்சிலேட்டரை வேகமாகத் திருகினால் வண்டி மொத்தமாக அணைந்துவிடும். கால் மணி நேரத்துக்கு மேல் ஓடவில்லை. மோட்டாரிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை. தொலைபேசியில் கேட்டபோது, “புது லித்தியம் மேடம், நாலைந்து முறை சார்ஜ் ஏறினால் பழகிவிடும்” என்றார். லித்தியம் பேட்டரிக்கு அப்படிப் பழக்கம் எதுவும் தேவையில்லை. புதிதாக இருக்கும்போதுதான் அது மிக நன்றாக இருக்கும். மறுபடி எடுத்துப்போனேன். பேட்டரியை உள்ளே கொண்டுபோனார், பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். “செட் பண்ணிவிட்டேன்” என்றார். அன்றிலிருந்து வண்டி ஒருமுறைகூட அணையவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் செய்ததுதான் இந்தக் கதையிலேயே மிக மோசமான காரியம். அதற்கு வருகிறேன்.

வேலியில் மோதிய அன்று மாலை என் தம்பி வந்தான். மின் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். முதலில் அவன் கேட்டது மல்டிமீட்டரை அல்ல, சமையலறைத் தராசை. பேட்டரியை வைத்தான்: 1 கிலோ 400 கிராம். சிரித்தான்.

அவன் போட்ட கணக்கு இது. லித்தியம் பேட்டரி என்பது பேனா டார்ச்சில் போடுவதைவிடச் சற்றுப் பருமனான உருளைகளின் கட்டு. 18650 என்பார்கள், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். 36 வோல்ட் வேண்டுமானால் தொடராக இணைத்த பத்து வரிசை. இந்த அளவில் நல்ல நிறுவனத்தின் உயர்ந்த ரகச் செல்லே ஏறக்குறைய 3500 மில்லி ஆம்பியர் அவர்தான் தரும். 20 ஆம்பியர் அவருக்கு ஒவ்வொரு வரிசையிலும் பக்கத்தில் பக்கத்தில் இணையாகச் சேர்த்த ஆறு செல், ஆகமொத்தம் அறுபது. ஒரு செல் 45 கிராமுக்குக் குறையாது. எப்படிப் பார்த்தாலும் இரண்டே முக்கால் கிலோ இருக்க வேண்டும். நம்முடையதில் பாதி எங்கே?

நீல உறையைக் கிழித்தபோது பாதி கண்ணெதிரே தெரிந்தது. முப்பதே செல்கள், மூன்று நான்கு நிறங்களில். பழைய மடிக்கணினி பேட்டரிகளை உடைத்து எடுத்தவை என்றான் தம்பி. முனைகளில் முந்தைய பற்றவைப்பைப் பிய்த்த தழும்புகள் அப்படியே இருந்தன. மடிக்கணினிக்கான செல் நிதானமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுக்கப் பழகியது. மோட்டார் புறப்படும்போது இழுக்கும் இழுப்புக்கு அது ஆளில்லை. மீட்டரை வைத்தான். பத்து வரிசைகளில் எட்டு 4.1 வோல்ட்டை ஒட்டி இருந்தன, ஒன்று 3.4, ஒன்று 1.9. இரண்டரை வோல்ட்டுக்கும் மிகக் கீழே விழுந்த செல்லுக்குள் செம்பு கரைந்து உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படக்கூடும், அதை மீண்டும் சார்ஜ் செய்வது தீயோடு விளையாட்டு என்றான். நாங்கள் தினமும் சார்ஜ் செய்துகொண்டிருந்தோம், கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில்.

இப்போது அந்தப் பத்து நிமிடம். இத்தகைய பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்ற சிறிய பாதுகாப்புப் பலகை இருக்கும். எந்த வரிசையாவது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலும், அளவுக்குக் கீழே இறங்கினாலும், மின்னோட்டம் எல்லை தாண்டினாலும் அது இணைப்பைத் துண்டிக்கும். புறப்படும்போது வண்டி அணைந்ததற்குக் காரணம் அந்தப் பலகை தன் வேலையைச் செய்ததுதான். நமக்கு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு துண்டு ஒயரை எடுத்து, பலகையைத் தாண்டி நெகடிவ் முனையை நேரடியாகப் பற்றவைத்துவிட்டார். காவலாளி சத்தம் போடுகிறான் என்று அவன் வாயைக் கட்டியது போல. சார்ஜரும் அதே முனை வழியாகத்தான் இணைந்திருந்தது என்பதால் சார்ஜ் பக்கத்துப் பாதுகாப்பும் சேர்ந்தே போயிற்று.

சார்ஜரை எடுத்துப் பார்த்தான். மேலே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ‘ஈய அமில பேட்டரிக்கு’ என்று அச்சிட்டிருந்தது. அளந்தால் 44 வோல்ட். பத்து வரிசை லித்தியத்துக்கு உச்சவரம்பு 42, வரிசைக்கு 4.2. அதிலும் ஒரு வரிசை சோர்ந்து கிடந்தால், அது வாங்காததை மற்ற ஒன்பதும் பங்கிட்டுக்கொள்ளும். அவை இன்னும் மேலே போகும். தடுக்க வேண்டிய பலகையோ கட்டிப்போடப்பட்டிருக்கிறது. எத்தனை இரவு நாங்கள் பக்கத்து அறையில் தூங்கினோம் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

மோட்டாரின் வெள்ளி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். கீழே பழைய முத்திரை: 24 வோல்ட், 250 வாட். சரி, வேறு ஏதோ பழைய மோட்டார் என்று நினைத்தேன். பெயின்ட்டைச் சுரண்டியபோது டைனோசரின் வால் தெரிந்தது. என் மகன் எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கர். எங்கள் மோட்டாருக்கே பெயின்ட் அடித்து எங்களிடமே விற்றிருக்கிறார். கோபம் வருவதற்கு முன்னால் ஒரு கணம் சிரிப்புதான் வந்தது. பிரஷ் இரண்டும் கருகித் தேய்ந்து கிடந்தன.

கன்ட்ரோலர் மட்டும் நிஜமாகவே புதிது. ஆனால் வண்டி ஏன் நிற்கவில்லை என்பதற்கான விடை அங்கேதான் இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து மூன்று ஒயர் வரும்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று கிரவுண்டு (நெகடிவ் முனை), ஒன்று எவ்வளவு திருகியிருக்கிறது என்று சொல்லும் சைகை. கையை விட்டிருந்தால் சைகை ஒரு வோல்ட்டை ஒட்டி இருக்கும், முழுக்கத் திருகினால் நாலு வோல்ட்டைத் தொடும். கிரவுண்டு ஒயர் துண்டித்துக்கொண்டால் சைகை 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத மலிவான கன்ட்ரோலர் அதை “முழு வேகம்” என்றே புரிந்துகொள்ளும். எங்கள் வண்டியில் மூன்றையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார். குலுக்கலில் கிரவுண்டு கழன்றுவிட்டது. அப்படியே கழன்றாலும் பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை அணைக்க, பிரேக் கைப்பிடியில் ஒரு சுவிட்ச் உண்டு. தயாரித்தவர்கள் கொடுத்திருந்தார்கள். அதன் இரண்டு ஒயர்களையும் நம்மவர் வெட்டி, முனையை மடித்து விட்டிருந்தார். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பி. அதைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். “பேட்டரியைத் திறந்துவிட்டீர்களே மேடம், இனிமேல் என் பொறுப்பு இல்லை” என்றார். குழந்தை விழுந்தானே என்றேன். “பயத்தில் ஆக்சிலேட்டரைத் திருகியிருப்பான்.” டைனோசரைக் காட்டினேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. வேறு ஒரு பேட்டரி தருவதாகச் சொன்னார். உங்கள் கையால் இனி ஒரு ஸ்க்ரூகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய கன்ட்ரோலரையாவது கொடுங்கள் என்று கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம். ரசீதில் ஒரே வரி என்பதால் புகார் கொடுத்தாலும் எதை வைத்து நிரூபிப்பது? தம்பி எடுத்த படங்களோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்க்கலாம்.

நீங்கள் இந்த வேலைக்கு வண்டியைக் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் மோட்டாரின் முத்திரை, கன்ட்ரோலர், ஒயர் இணைப்புகள் எல்லாவற்றையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். புதிதைப் போட்டவர் பழையதைத் தரத் தயங்கமாட்டார். வோல்ட், வாட், ஆம்பியர் அவர், எத்தனை செல், எந்த வகை, எல்லாம் ரசீதில் எழுதியிருக்க வேண்டும். பேட்டரியைக் கையில் வாங்கியதும் எடை போடுங்கள். சார்ஜரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். குழந்தையை ஏற்றுவதற்கு முன் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, ஆக்சிலேட்டரைத் திருகியபடியே பிரேக்கை லேசாகத் தொடுங்கள். மோட்டார் அந்தக் கணமே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ஓட்டும்போது பேட்டரி அடிக்கடி அணைந்தால், அணையாமல் செய்து தருகிறேன் என்பவரிடமிருந்து பேட்டரியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிய்த்த பேட்டரியைத் தம்பி மணல் நிரப்பிய தகரப் பெட்டியில் போட்டு, வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் வைத்திருந்து, பிறகு பேட்டரி மறுசுழற்சி செய்கிறவர்களிடம் ஒப்படைத்தான். குப்பையில் போடவே கூடாது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னான்.

வண்டிக்கு இப்போது புது ஈய அமில பேட்டரிகள் இரண்டு, 24 வோல்ட் கன்ட்ரோலர், புது பிரஷ், ஃபியூஸ், உயிரோடு இருக்கும் பிரேக் சுவிட்ச். பழைய வேகம்தான். மகனுக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனாலும் ஓட்டுகிறான். அந்த 500 வாட் ஸ்டிக்கரை மட்டும் மறுபடியும் ஒட்டித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். நண்பர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டானாம்.