கிருஷ்ணகிரி பங்க்கா, விமான எரிபொருள் வேலையா?

ஐடிஐ முடித்த என் தம்பிக்கு இரண்டு வழி: கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க், இல்லையென்றால் பெங்களூரு விமான நிலையத்தில் எரிபொருள் நிரப்பும் வேலை.

பங்க்கில் வீட்டுச் சாப்பாடு, தெரிந்த முகங்கள். ஆனால் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

விமான வேலை வேறு மாதிரி. விமானத்துக்கு நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருள் மண்ணெண்ணெய் வகைதான்; மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது. அதில் தண்ணீர் கலந்தால் உயரத்தில் பனிக்கட்டியாகி வடிகட்டியை அடைத்துவிடும். அதனால்தான் மாதிரி எடுத்துத் தண்ணீர்ச் சோதனை செய்கிறார்கள். குழாய் மாட்டுமுன் எரிபொருள் வண்டியையும் விமானத்தையும் கம்பியால் இணைப்பார்கள், நிலைமின்சாரப் பொறி பறக்காமலிருக்க. நிரப்பும்போது கையில் பிடித்திருக்கும் விசையை விட்டால் ஓட்டம் நின்றுவிடும்.

இரவு ஷிப்ட், மழை, அறை வாடகை எல்லாம் உண்டு. சரி, இருக்கட்டும். அவனைப் பெங்களூருக்கே போகச் சொல்கிறேன்.