வார்ட்ரோப் கதவில் பெரிய கண்ணாடி: சில வருடப் பழக்கத்தில்

படுக்கையறை வார்ட்ரோப் கதவில் பெரிய கண்ணாடி ஒட்டி ஐந்தாறு வருடம் இருக்கும். கண்ணாடி ஒட்டிய இடத்தில் அப்படியே நிற்கிறது, ஓரத்தில் கறுப்பு ஏறவில்லை. கதவுதான் நடுவில் கொஞ்சம் மக்கர் பண்ணியது.

முதல் பஞ்சாயத்து, வெளிப்பக்கமா உள்பக்கமா என்பதில். கட்டிலில் படுத்தால் கண்ணாடியில் தெரியக் கூடாது என்று அம்மா ஒரே பிடி. சாஸ்திரம் கிடக்கட்டும், நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் எதிரே ஓர் ஆள் நிற்பது எனக்கும் ஒத்துவராது. சரி, உள்பக்கமே என்று முடிவானது. ஆட்டோ ஹிஞ்சுக்காக, அதாவது கதவைத் தானாக இழுத்து மூடும் கீலுக்காக, கதவில் 35 மி.மீ. விட்டத்துக்குக் குழி குடைந்திருப்பார்கள். அதைத் தாண்டித்தான் கண்ணாடி தொடங்க முடியும். உள்ளே இருக்கும் தட்டுகளும் கண்ணாடியில் இடிக்காத அளவுக்குப் பின்வாங்கியிருக்க வேண்டும். எங்கள் 18 அங்குலக் கதவில் 14 அங்குல அகலம்தான் தேறியது.

கடைக்காரர் ஆறடிக் கண்ணாடி வாங்கச் சொன்னார். அவ்வளவு தேவையில்லை. தலையிலிருந்து கால்வரை தெரிய, நம் உயரத்தில் பாதி போதும். தள்ளி நின்றாலும் கிட்ட நின்றாலும் இதே கணக்குதான். ஐந்தரை அடி ஆளுக்கு 2 அடி 9 அங்குலம். வீட்டில் ஆளுக்கொரு உயரம் என்பதால் 4 அடி வாங்கினோம். 4 மி.மீ. தடிமனில் எடை நாலு கிலோவுக்குச் சற்று மேல். ஓரமெல்லாம் பாலிஷ் போட்டு வாங்கிவிடுங்கள், துடைக்கும்போது கை கிழியாது.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பசை. சாதாரண சிலிகானில் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் பின்பக்க ரசப் பூச்சை அரித்துவிடும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும். ஆசாரி கதவைக் கழற்றித் தரையில் கிடத்தி, மைக்காவை ஸ்பிரிட்டால் துடைத்து, இடைவெளி விட்டுவிட்டு நெட்டுவாக்கில் கோடுகளாகப் போட்டார். முழுக்க அப்பினால் நடுவில் காற்றுப் போகாது. சிலிகான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் காய்கிறது. மறுநாள்தான் கதவை மாட்டினார். கண்ணாடிக்கு அடியில் அலுமினிய ஆங்கிள் ஒன்றையும் திருகிவிட்டார், பசை விட்டாலும் அது தாங்கும். தங்கை வீட்டில் இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பினார்கள். ஒரு சித்திரை வெயிலில் கண்ணாடி வழுக்கி இறங்கியது.

இரண்டாவது மழைக்காலத்தில் கதவின் கைப்பிடிப் பக்கம் இறங்கி, அடியில் உரசத் தொடங்கியது. ஏழடிக் கதவுக்கு இருந்தது மூன்றே ஹிஞ்ச். அதன் முன் திருகு கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும். மேல் ஹிஞ்சில் கொஞ்சம், கீழ் ஹிஞ்சில் எதிர்த்திசையில் கொஞ்சம் திருப்பினால் கதவு நேராகிவிடும். சில மாதத்தில் மறுபடி இறங்கியது. அப்புறம் கூடுதலாக இரண்டு ஹிஞ்ச் போட்டோம், தொல்லை தீர்ந்தது. கண்ணாடி ஒட்டும் முன்பே இதைச் செய்வது சுலபம்.

துடைக்கும்போது திரவத்தைத் துணியில்தான் அடிப்பேன். கண்ணாடியில் அடித்தால் வழிந்து கீழ் விளிம்பில் தேங்கும், கறுப்பு அங்கிருந்துதான் ஏறும்.

ஒரே குறை, காலை நேரம். நான் கதவைத் திறந்துவைத்துப் புடவைக் கொசுவம் பார்க்கும்போது, பக்கத்துத் தட்டில் சட்டை எடுக்க வருபவர் காத்திருக்க வேண்டும். இப்போது அவர் சட்டையை ராத்திரியே எடுத்து வைத்துவிடுகிறார்.