பொலோஞாவில் ஒரே விடுதியில் எட்டுத் தடவை: ஒக்டோபர் 15-க்கு முன் போகிறவர்களுக்கு

கண்டியில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். இத்தாலியின் பொலோஞாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளைப் பார்க்க, எழுபது வயதைக் கடந்த தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஒக்டோபர் 5 முதல் ஒன்பது இரவுகள் அங்கே தங்கப் போகிறார். நான் வழக்கமாகத் தங்கும் விடுதியில் அறை விலை இறங்கியிருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2018-இலிருந்து அந்த விடுதியில் எட்டுத் தடவை, மொத்தம் எழுபது இரவுகளுக்கு மேல் தங்கியிருக்கிறேன். அதை மனமாரப் புகழ எனக்குக் காரணங்கள் உண்டு. அதன் மீதுள்ள கோபமும் இன்னும் ஆறவில்லை. தொலைபேசியில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கொழும்பில் ஒரு தேயிலைப் பொதியிடும் நிறுவனத்தில் இயந்திரப் பராமரிப்பைக் கவனிப்பவன். தேயிலைத் தூளைச் சிறு பைகளில் நிரப்பி, நூலும் சீட்டும் கோத்து, உறையிட்டு வெளியே தள்ளும் எங்கள் இயந்திரங்கள் பொலோஞாவை அடுத்த ஊரில் செய்யப்பட்டவை. அந்த வட்டாரத்தையே பொதியிடும் இயந்திரங்களின் பள்ளத்தாக்கு என்றுதான் தொழிலில் உள்ளவர்கள் சொல்வார்கள். பயிற்சிக்காகவும் உதிரிப்பாகங்களைப் பார்த்து எடுப்பதற்காகவும் நிறுவனம் என்னை ஏப்ரலிலோ ஒக்டோபரிலோ அனுப்புகிறது. இந்த இரண்டு மாதங்களில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விடுதி, மத்திய ரயில் நிலையத்துக்கும் நகர மையமான மாஜோரே சதுக்கத்துக்கும் நடுவில், இன்திபென்தென்ஸா வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. பொலோஞாவின் பழைய நகரில் கட்டடங்களின் கீழ்த்தளம் தெருப்பக்கம் தூண்களோடு திறந்திருக்கும். மேல்மாடிகள் அந்த நடைபாதைக்குக் கூரையாக நிற்கும். போர்த்திகோ என்று அழைக்கப்படும் இந்தத் தூண் நடைகள் நகரம் முழுவதுமாக 62 கிலோமீட்டர் நீளம் உடையவை. 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வழிகாட்டி நூல்கள் இவற்றின் அழகைப் பேசுகின்றன. பயணப் பெட்டியோடு போகிறவனுக்கு இவற்றின் பயன் வேறு. நான் முதன்முதலாக அங்கே இறங்கிய இரவில் மழை கொட்டியது. நிலையத்துக்கு எதிரே தெருவைக் கடந்த பிறகு, விடுதியின் வாசல்வரை குடை விரிக்காமல், பெட்டியின் அடிப்பக்கம்கூட நனையாமல், வழுவழுப்பான தளத்தில் சக்கரங்கள் உருள நடந்து போய்ச் சேர்ந்தேன். ரோமின் கருங்கல் பாவிய தெருவில் ஒருமுறை பெட்டிச் சக்கரத்தைப் பறிகொடுத்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் இத்தாலியில் வேறெந்த நகரத்தையும்விடப் பொலோஞாவில் நிம்மதியாக நடக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அறைகளும் சுத்தமானவை. எட்டுத் தடவையில் ஒருமுறைகூடப் படுக்கை விரிப்பில் கறையையோ குளியலறை மூலையில் பூசணத்தையோ நான் பார்த்ததில்லை. இத்தாலியில் 1975-ஆம் ஆண்டின் சுகாதார ஆணை, வீட்டுக் குளியலறைகளில் பிதே எனப்படும் கழுவும் தொட்டி இருக்க வேண்டும் என்று விதித்தது. விடுதிகளிலும் அது வழக்கமாக இருக்கும் என்பதால், ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் நம்மவர்கள் படும் அவதி அங்கே இல்லை. குளிக்கும் இடத்துக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். அது துணி காயப்போடுவதற்கோ விளக்கைப் போடுவதற்கோ உரியதன்று, வழுக்கி விழுந்தவர் உதவிக்கு இழுக்கும் மணிக்கயிறு. நண்பரின் தாயாருக்கு இதை முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது.

இனி, என்னை ஆறு ஆண்டுகளாக வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

2018 ஒக்டோபரில் இரண்டாம் நாள் இரவு, பயிற்சிக் குறிப்புகளை எழுத மேசையில் உட்கார்ந்தபோது விரல்கள் விறைத்தன. சுவரில் இருந்த வெப்பநிலைப் பெட்டியில் 26 என்று வைத்தேன். கூரையோரத்தில் விசிறி ஓடத் தொடங்கியது. ஆனால் வந்த காற்றில் சூடே இல்லை. வெறும் காற்று மேலே விழ, அறை முன்பைவிடக் குளிர்ந்தது. பொதியிடும் கூடத்தில் பயன்படுத்தும் சிறிய வெப்பமானி எப்போதும் என் பையில் இருக்கும், அது 17.5 பாகை காட்டியது. நான் ஹட்டனில் பிறந்து வளர்ந்தவன், குளிர் எனக்குப் புதிதல்ல. ஆனால் ஹட்டனில் குளிர் அடித்தால் அடுப்படியில் போய் உட்காரலாம். இங்கே இரவொன்றுக்கு 90 யூரோ கொடுத்து எடுத்த அறையில், 26 என்று பச்சையாக ஒளிரும் ஒரு பொய்யான எண்ணை நம்பி உட்கார்ந்திருந்தேன். துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளாகியும் காயவில்லை. வரவேற்பு மேசையில் கேட்டபோது, அங்கிருந்த இளைஞர் கைகளை விரித்து, “லா லெஜ்ஜே” என்றார். சட்டம் என்று பொருள்.

சட்டம் உண்மையிலேயே இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் ஓர் ஆணைப்படி, இத்தாலி முழுவதும் குளிரின் அளவுக்கு ஏற்ப ஏ முதல் எஃப் வரை ஆறு வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த வலயத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, நாளுக்கு எத்தனை மணி நேரம் கட்டடங்களைச் சூடேற்றலாம் என்பதும் அதில் உண்டு. பொலோஞா, மிலான், வெனிஸ் ஆகியவை ஈ வலயம்: ஒக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு 14 மணி நேரம். ரோமும் ஃபுளோரன்ஸும் டி வலயம்: நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, 12 மணி நேரம். நேப்பிள்ஸ் சி வலயம்: நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை, 10 மணி நேரம். இத்தாலிக்குப் பயணத் தேதி குறிப்பவர்கள் விமானச் சீட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும் என்பேன். என் தங்கல் ஒக்டோபர் 5 முதல் 14 வரை. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் தவறவிட்டிருக்கிறேன்.

சட்டம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2019 ஒக்டோபரிலும் பொறுத்தேன். 2022-இல், உக்ரைன் போரால் எரிவாயு தட்டுப்பட்டபோது, இத்தாலிய அரசு அந்தக் காலத்தைக் குறுக்கி, ஈ வலயத்தில் தொடக்க நாளை ஒக்டோபர் 22-க்குத் தள்ளியது. நேரத்தில் ஒரு மணியையும் வெப்பநிலையில் ஒரு பாகையையும் குறைத்தது. அந்தத் தடவை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே ஆண்டு நம் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டையும் எரிவாயு உருளைக்கான வரிசைகளையும் பார்த்துவிட்டுப் போனவனுக்குப் பேச வாய் வரவில்லை.

உண்மை தெரிந்தது 2023 ஒக்டோபரில், ஐந்தாவது ஆண்டில். இரவுப் பணியில் இருந்த வயதான அம்மையார் ஒருவர், நான் மேலங்கியோடு கூடத்தில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்துவிட்டு, தாமாகவே வந்து பேசினார். அவர் சொன்னது இது. அந்தச் சட்டத்தின் தேதிக் கட்டுப்பாடு விடுதிகளைக் கட்டுப்படுத்தாது. மருத்துவமனைகள், தூதரகங்கள், மழலையர் பள்ளிகள் ஆகியவற்றைப் போல விடுதிகளுக்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் அறைகளைச் சூடேற்ற வெந்நீர் தரும் கொதிகலன் இந்த விடுதிக்குச் சொந்தமாக இல்லை. கட்டடத்தின் இரண்டு மாடிகளை மட்டும் வைத்திருக்கும் விடுதி, மற்ற மாடிகளில் குடியிருப்பவர்களோடு ஒரே கொதிகலனைப் பகிர்கிறது. குடியிருப்புகளுக்கு விலக்குக் கிடையாது. ஆகவே அதை மூட்டும் நாளைக் குறிப்பவர் கட்டடத்தின் பொது நிர்வாகி.

என் கோபம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. பழைய கட்டடத்தில் ஒரு குறை இருப்பதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். இருக்கும் குறையை விருந்தினரிடம் நேராகச் சொல்லாமல், ஐந்து ஆண்டுகளாகச் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. “கொதிகலன் எங்கள் கையில் இல்லை, 15-ஆம் தேதிவரை அறை குளிரும், வேண்டுமானால் தேதியை மாற்றுங்கள்” என்று முன்பதிவின்போது ஒரு வரி எழுதியிருந்தால், நான் பயிற்சியையே ஒரு வாரம் தள்ளிக் கேட்டிருப்பேன்.

ஏப்ரலில் இதே குறை தலைகீழாக வருகிறது. காரணத்தை ஒரு பராமரிப்புக்காரனாக விளக்கலாம். அறைக்கு அறை இருப்பது, குழாயில் வரும் தண்ணீரின் மீது காற்றை ஊதும் ஒரு சுருளும் விசிறியும் மட்டுமே. போக ஒன்று, வர ஒன்று என இரண்டே குழாய்கள். குளிர்காலத்தில் அவற்றில் கொதிகலனின் வெந்நீர் ஓடுகிறது. கோடையில் கூரையிலுள்ள குளிர்விப்பு இயந்திரத்தின் தண்ணீர் ஓடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வழியில்லை. அடைப்பான்களைத் திருப்பி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது ஆண்டுக்கு இரண்டு தடவை, வெளியிலிருந்து தொழில்நுட்பர் வந்து செய்யும் வேலை. குழாய்களில் வெந்நீர் நிற்கும்போது குளிர்விப்பு இயந்திரத்தை ஓட்டினால் அது பழுதாகும். ஆகவே இன்று வெயில், நாளை குளிர் என்று மாற்றி மாற்றி இயக்க முடியாது. 2024 ஏப்ரல் நடுவில் கோடை போல வெயில் அடித்தது. அறையில் குளிரூட்டி இருக்கிறது என்று முன்பதிவுப் பக்கத்தில் பனிப்பூ அடையாளம் போட்டிருந்தது. நள்ளிரவில் என் வெப்பமானி 27.5 காட்டியது. சன்னலைத் திறந்தால் தெருவின் பேச்சும் நுளம்பும் உள்ளே வந்தன. நுளம்பு வலை அந்த ஊர்ச் சன்னல்களில் அரிது. பனிப்பூ அடையாளம் மே மாதத்துக்குப் பிறகே உண்மையாகிறது என்பதை அந்தப் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். கேட்டபோதெல்லாம் கம்பளி கொடுத்தார்கள். மின்சூடாக்கி கேட்டபோது, பழைய கம்பிகள் தாங்காது என்று மறுத்தார்கள். மின் பலகையைப் பார்த்தபின் அது சரியான பதில் என்று நானே ஒப்புக்கொண்டேன். 2024 ஒக்டோபரில் கேட்காமலே முற்றத்துப் பக்கத்து அறையைத் தந்து, இரட்டைக் கம்பளியும் விரித்து வைத்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் நன்றாகத் தூங்கிய ஒக்டோபர் அதுதான். மேசையில் உட்கார்ந்து எழுதும்போது மட்டும் கைகள் விறைத்தன.

மற்றவை சுருக்கமாக. வந்ததும் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு அறிவிப்பது அவர்களின் சட்டக் கடமை, அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. நகராட்சியின் தங்கல் வரி அறை விலையில் சேராது. ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிட்டு விடுதியிலேயே தனியாக வாங்குவார்கள். நம் மூன்று முனைச் செருகிகள் அங்கே நுழையாது. இரண்டு வட்ட முனை மாற்றியைக் கொழும்பிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். விரைவு ரயில்கள் நிற்கும் மேடைகள் தரைக்கு மிக ஆழத்தில் இருக்கின்றன, கீழே போய்ச் சேரவே நேரம் எடுக்கும். மூதாட்டியோடு போகிறவர் அரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் நடக்கும் பெரிய வணிகக் கண்காட்சிகளின்போது அதே அறைக்கு இரண்டு, மூன்று மடங்கு விலை சொல்வார்கள்.

நண்பருக்கு என் பதில் இது. அந்த விலைக்கு, அந்த இடத்தில், அவ்வளவு சுத்தமான விடுதி அவருக்குக் கிடைக்காது. ஆனாலும் எடுக்கக் கூடாது. ஒக்டோபர் முதல் பாதியில், மாலை நேரங்களில் அறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு தாயாரை அந்த அறையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. சூட்டுக்கும் குளிருக்கும் அறைக்கு அறை தனி இயந்திரம் உள்ள இடமாகப் பார்த்து, நகர மதிலுக்கு வெளியே போனாலும் பரவாயில்லை, அதை எடுக்க வேண்டும். எந்த விடுதியானாலும் பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: நான் வரும் தேதியில் “இல் ரிஸ்கல்தமென்தோ”, அதாவது சூடேற்றம், ஓடுமா, அறைக்குள் இருந்தே சூட்டையும் குளிரையும் நானே மாற்ற முடியுமா. “குளிரூட்டி உண்டா” என்று மட்டும் கேட்டால் உண்டு என்றுதான் பதில் வரும். பதில் எழுத்தில் வரட்டும். அதை அச்சிட்டுக் கையில் கொண்டுபோகட்டும்.

எனக்கு அடுத்த பயிற்சி நவம்பர் 10-இல் தொடங்குகிறது. கொதிகலன் மூட்டி ஏறத்தாழ நான்கு வாரம் ஆகியிருக்கும். அதே விடுதியில், முற்றத்துப் பக்கத்து அறையைக் கேட்டு எழுதிவிட்டேன்.