மஞ்சளா, பூண்டா, ஓம எண்ணெயா: கோழிக்குடலுக்கு எது கட்டுப்படியாகும்?

தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக்கை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறலாமா என்று பல்லடத்துக் கறிக்கோழிக்காரரும் கேட்கிறார், நாமக்கல் முட்டைக்கோழிக்காரரும் கேட்கிறார். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணைகள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியே இறக்கிவிடும். பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி. தீவனத்தில் என்ன கலப்பது என்பது அவர் கையில் இல்லை. நாமக்கல்லில் மக்காச்சோளமும் சோயாவும் வாங்கிச் சொந்த மில்லிலேயே அரைத்துக் கொள்பவர்கள் அதிகம். நாட்டுக்கோழி வளர்ப்பவர்களும் அப்படித்தான். உண்மையில் தேர்வு என்ற ஒன்று இவர்களுக்குத்தான் இருக்கிறது.

முதலில் எதற்கு மாற்று தேடுகிறோம் என்று பார்ப்போம். பேசிட்ராசின், என்ராமைசின் போன்றவை டன்னுக்குச் சில கிராம் முதல் சில பத்து கிராம் அளவில் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தவை. நோயைக் குணமாக்க அல்ல, எடை கூடுவதற்காக. குடலில் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகாமல் அடக்கி வைப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் இந்த வளர்ச்சியூக்கிப் பழக்கத்தையே நிறுத்தியது. நம் நாட்டில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் தடை வந்தது. நாமக்கல்லுக்கு இதில் கூடுதல் தலைவலி உண்டு. கறிக்கோழி என்றால் விற்பதற்குச் சில நாள் முன்பு மருந்தை நிறுத்திவிடலாம். முட்டைக்கோழி தினமும் இடுகிறது. எந்த நாளை இடைவெளியாக விடுவது? வளைகுடா நாடுகளுக்குப் போகும் முட்டையில் மருந்து எச்சம் தென்பட்டால் சரக்கு திரும்பிவிடும்.

சரி, போட்டியாளர்களுக்கு வருவோம்.

மஞ்சள் நமக்குக் கைக்கெட்டும் சரக்கு. ஈரோட்டு மண்டி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் வேலை செய்யும் பொருளான குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குச் சரியாக ஏறாது என்பது மனித மருத்துவத்தில் ஒரு குறை. கோழிக்குடலுக்கு அது குறையே இல்லை, வேலை நடக்க வேண்டிய இடத்திலேயே தங்குகிறது. குடல் சுவரின் அழற்சியைக் குறைப்பது இதன் பலம். கிருமியை நேரடியாகக் கொல்வதில் சுமார்தான். ஆராய்ச்சிகளில் வழக்கமாகப் பார்க்கும் அரை சதவீதக் கணக்கில் டன்னுக்கு 5 கிலோ ஆகிறது. குவிண்டால் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டன்னுக்கு 600 ரூபாய். ஒரு முட்டைக்கோழி நாளுக்கு 110 கிராம் தின்றால், கோழிக்கு நாளொன்றுக்கு 7 பைசா கூட வராது. கறிக்கோழியில் கணக்கு வேறு. 2.2 கிலோ எடை வர மூன்றரைக் கிலோ தீவனம் போகும். அப்போது மஞ்சளுக்கு மட்டும் 2 ரூபாய்க்கு மேல். தீவனம் கிலோ 40 ரூபாய் என்றால், எஃப்சிஆர் (ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கு) 1.60-லிருந்து 1.58-க்குக் கீழே இறங்கினால்தான் போட்ட காசு திரும்பும்.

விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று மண்டியில் கழித்த மஞ்சளை வாங்குபவர்களைப் பார்க்கிறேன். பூஞ்சணம் பிடித்த மஞ்சளோடு அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சும் தீவனத்துக்குள் வரும். மக்காச்சோளத்தில் வருவது போதாதா? இன்னொன்று, மஞ்சள் போட்டால் முட்டைக் கரு மஞ்சளாகும் என்ற நம்பிக்கை. குர்குமின் கருவில் அவ்வளவாக ஏறுவதில்லை. கருவின் நிறத்துக்குச் செண்டுமல்லிச் சாறு, மஞ்சள் மக்காச்சோளம், முருங்கை இலைத்தூள் இவைதான் வேலை செய்யும். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு முருங்கை இலை ஒரு பிரச்சினையே இல்லை.

பூண்டு, கிருமியைத் தாக்குவதில் மஞ்சளை விட ஒரு படி மேல். ஆனால் கிருமியைத் தாக்கும் அதன் அல்லிசின் என்ற பொருள் பூண்டை நசுக்கும்போதுதான் உருவாகிறது, உருவான வேகத்திலேயே சிதையவும் தொடங்குகிறது. சூட்டில் காயவைத்த தூளில் மணம் இருக்கும், வேலை இருக்காது. அன்றன்று நசுக்கிப் போட ஐம்பது நாட்டுக்கோழி வைத்திருப்பவரால் முடியும், ஐம்பதாயிரம் முட்டைக்கோழிக்கு யார் நசுக்குவது? அளவு மீறினால் முட்டையிலும் வாடை ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. விலையோ, மேட்டுப்பாளையம் மண்டியை ஒரு வருஷம் கவனித்தாலே தெரியும். 2024-ல் கடைகளில் கிலோ 300 ரூபாயைத் தாண்டியபோது தீவனத்துக்கு யார் போட்டிருப்பார்கள்?

இந்த மூன்றில் ஆன்டிபயாடிக் செய்த வேலைக்கு மிக அருகில் வருவது ஓமம்தான். ஓம எண்ணெயில் உள்ள தைமாலும் ஆரிகனோ என்ற மேல்நாட்டு மூலிகையின் கார்வக்ராலும் உறவுக்காரர்கள்; பாக்டீரியாவின் மேலுறையைக் கிழித்து உள்ளிருப்பதை வெளியே கசியவிடுபவை. ஆனால் ஓமத்தை அப்படியே அரைத்துப் போட்டால் கட்டுப்படியாகாது. விதையில் எண்ணெய் 3 சதவீதம், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தைமால் என்று கணக்குப் போட்டால், டன் தீவனத்தில் 100 கிராம் தைமால் சேர 7 கிலோவுக்கு மேல் ஓமம் வேண்டும். எண்ணெயாக வாங்கிக் கலந்தால் வேறு சிக்கல்: தீவனத்தைக் குச்சியாக அழுத்தும் பெல்லட் மில்லின் 80 டிகிரி நீராவியில் ஒரு பங்கு பறந்துவிடும், மீதியைக் குடலின் முன்பகுதியே உறிஞ்சிவிடும். கிளாஸ்ட்ரிடியம் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு மிச்சமே போகாது. அதனால்தான் கொழுப்புறை பூசிய எண்ணெய்த்தூள் விலை அதிகமானாலும் எனக்குச் சரியாகப் படுகிறது. டன்னுக்கு 100, 200 கிராமிலேயே வேலை முடிகிறது. வாங்கும்போது தைமால், கார்வக்ரால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ‘இருபது மூலிகைகளின் சங்கமம்’ என்று மட்டும் அச்சடித்த பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கீழாநெல்லி, நிலவேம்பு எல்லாம் லிவர் டானிக் கணக்கில் சேர்த்தி, குடலுக்கு இரண்டாம் பட்சம். கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகள் கழிச்சலைக் கட்டும். அளவு கூடிப்போனால் புரதம் செரிக்காமல் எடையும் சேர்ந்து இறங்கும்.

ஆக என் கணக்கில், மேஷ் (தூள்) தீவனம் அரைக்கும் முட்டைப் பண்ணைக்கு நல்ல மஞ்சள் போதும். குடலில் அடிக்கடி தொந்தரவு வந்தால் எண்ணெய்த்தூளையும் சேர்க்கலாம். பெல்லட் போகும் கறிக்கோழிக்கு உறை பூசிய எண்ணெய் மட்டுமே. பூண்டு நாட்டுக்கோழியோடு நிற்கட்டும்.

இதில் எதுவும் நோய் வந்த பிறகு கொடுக்கும் மருந்து இல்லை. எச்சம் ஆரஞ்சு நிறச் சளியோடு விழுந்து, செத்த கோழியை அறுத்தால் குடல் காற்றடைத்து உப்பி, உள்பக்கம் முரட்டுத் துண்டு மாதிரி சொரசொரவென்று இருந்தால், ஓமத்தை நம்பி ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ எடுத்துப் போக வேண்டியதுதான். அப்போது டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் அது நியாயமான உபயோகம். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக்கும் உதவாது, மூலிகையும் தடுப்பூசிக்கு ஈடாகாது.

ரத்தக்கழிச்சலுக்குத் தீவனத்தில் போகும் மருந்தை மூலிகையை நம்பி ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி குடல் சுவரைப் புண்ணாக்கி, கிளாஸ்ட்ரிடியத்துக்கு வழி திறந்துவிடுகிறது. அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரக் கூளத்தில்தான் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். தரையில் பரப்பிய தென்னை நார்த்தூள் கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால், சொட்டும் நிப்பிளை (கோழி தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) மாற்றுவதற்குச் செலவழிக்கும் காசு எந்த மூலிகையை விடவும் அதிகம் திருப்பித் தரும்.

சோதித்துப் பார்ப்பவர்கள் ஒரே கொட்டகையை நடுவில் வலை கட்டிப் பிரித்து, ஒரே லாரியில் வந்த குஞ்சை இரு பக்கமும் சமமாக விடுங்கள். போன பேட்ஜோடு இந்தப் பேட்ஜை ஒப்பிட்டால், சித்திரை வெயிலுக்கும் மார்கழிப் பனிக்கும் உள்ள வித்தியாசத்தை மூலிகையின் கணக்கில் எழுதிவிடுவோம்.