ஸ்கிம்மருக்கு டைமர் போடலாமா, ரெஃபுஜியம் லைட்டுக்குப் போடலாமா? ஒரு அலசல்

ரீஃப் டேங்க் (பவளமும் கடல் மீனும் வளர்க்கிற உப்புத்தண்ணி தொட்டி) வெச்சிருக்கிறவங்க ரெண்டு பேர் சேர்ந்து பேசினா போதும், கழிவு அழுகி வர்ற நைட்ரேட் ஏறுதுன்னாலும் சரி, சைபர்லயே நிக்குதுன்னாலும் சரி, பேச்சு கடைசில டைமர்ல வந்து நிக்கும். ஸ்கிம்மரை (காத்துக்குமிழி விட்டு கழிவை நுரையா எடுக்கிற மெஷின்) பாதி நாள் ஓட்டு, ரெஃபுஜியம் (நைட்ரேட்டைத் தின்ன பாசி வளர்க்கிற தனி அறை) லைட்டை ராத்திரி போடு, ஜிஎஃப்ஓ ரியாக்டரை (பாஸ்பேட்டை உறிஞ்சுற இரும்புத் துகள் போட்ட டப்பா) விட்டு விட்டு ஓட்டுன்னு ஆளுக்கு ஒரு கணக்கு. வெளில இருந்து பாத்தா எல்லாமே ப்ளக்கை ஆன் ஆஃப் பண்ற சமாச்சாரம்தான், ஆனா உள்ள ஒவ்வொண்ணும் பாக்குற வேலை வேற, அதனால எதுக்கு டைமர் பொருந்தும் எதுக்குப் பொருந்தாதுன்னு தனித்தனியா பாத்தாதான் உண்டு.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன்: நியூட்ரியன்ட்டை, அதாவது நைட்ரேட் பாஸ்பேட்டை, ஏத்தி இறக்க டைமர் வேணும்னா அதை ரெஃபுஜியம் லைட்ல போடுங்க, ஸ்கிம்மரை ஓட விட்டுடுங்க.

ஸ்கிம்மர் 24 மணி நேரம் vs பாதி நாள்

ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுக்காதுங்க. பாஸ்பேட்டையும் நேரடியா எடுக்காது. மீன் செவுள் வழியா விடுற அம்மோனியாவையும் தொடாது. தண்ணில கரைஞ்சிருக்கிற ஆர்கானிக் கழிவுல காத்துக்குமிழி மேல ஒட்டிக்கிற வகை மட்டும்தான் நுரையோட மேல வந்து கப்புல விழும், அது அழுகி நைட்ரேட் ஆகறதுக்கு முன்னாடியே வெளிய போயிடுது, அவ்வளவுதான் லாபம். பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில கென் ஃபெல்ட்மன்னு ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியர் 2009, 2010 வாக்குல இதை அளந்தே பாத்தார், தண்ணில இருக்கிற மொத்த ஆர்கானிக் கார்பன்ல ஏறக்குறைய 20லிருந்து 35 சதவீதம்தான் ஸ்கிம்மரால எடுக்க முடியுதுன்னு வந்துச்சு. அதாவது எவ்வளவு பெரிய மாடல் வாங்கினாலும் மிச்சம் தண்ணிலதான் இருக்கும். (கப்புல கறுப்பா நாத்தமா இருக்கிறதை பாத்து ஸ்கிம்மர்தான் டேங்கையே தாங்குதுன்னு நினைக்கிறவங்க நிறைய, அந்த நாத்தத்துக்கு அப்படி ஒரு மரியாதை.)

அப்ப எதுக்கு முழு நாளும் ஓட்டணும்? காத்துக்காக. 25 டிகிரி நல்ல தண்ணி லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், அதே சூட்டுல கடல் உப்பு கலந்த தண்ணி 7 மில்லிகிராமுக்கும் கீழதான் பிடிக்கும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். பகல்ல லைட் எரியும்போது பவளமும் பாசியும் ஆக்சிஜன் விடும், லைட் அணைஞ்சதும் மீன், பவளம், பாக்டீரியா, பாசி எல்லாம் சேர்ந்து அதை இழுக்க ஆரம்பிச்சுடும், விடியறதுக்கு முன்னாடி ஆக்சிஜன் ரொம்ப கீழ இறங்கி கார்பன் டை ஆக்சைடு ஏறி பிஎச்சும் அடில இருக்கும். ஸ்கிம்மர்தான் அந்த நேரத்துல தண்ணியையும் காத்தையும் பெரிய அளவுல கலந்துக்கிட்டு இருக்கிற ஒரே மெஷின், பல டேங்க்ல.

ஆனா டைமர் போடறவங்க பெரும்பாலும் எப்ப அணைக்கிறாங்க? சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு ராத்திரி. சரியா தப்பான பன்னெண்டு மணி நேரம். டைமர் போட்டே தீருவேன்னா பகல்ல அணைச்சு ராத்திரி ஓட்டுங்க, அதுலயாவது ஒரு நியாயம் இருக்கு.

பாதி நாள் பக்கம் வாதமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். மீன் கம்மி, சாப்பாடு கம்மி, ஸ்கிம்மர் மட்டும் டேங்க் அளவுக்கு ரெண்டு மடங்கு பெருசுன்னா பவளம் வெளுத்து பட்டினி கிடக்கும், அப்ப ஓடுற நேரத்தைக் குறைச்சா நிறம் திரும்பற டேங்க் உண்டு. ஆனா அதே வேலைய அணைக்காமலே பண்ணலாம். உள்ள தண்ணி மட்டத்தை இறக்கி நுரை காஞ்சு மெதுவா ஏறுற மாதிரி வெச்சா எடுக்கிறது குறையும், இன்னும் போதலைன்னா கப்போட ட்ரெயின் குழாயை திரும்ப சம்புக்குள்ளயே (ஸ்கிம்மர் உக்காந்திருக்கிற துணைத் தொட்டி) விட்டுடுங்க, கழிவு வெளிய போகாது ஆனா காத்து கலக்கிறது நிக்காது. டைமர்ல இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது, ஒண்ணு போனா இன்னொண்ணும் போச்சு.

இன்னொரு தொல்லை, ஸ்கிம்மர் பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர்ல கால்சியம் படிஞ்சிருந்தா ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் ஓடும், ஒரு தடவை நிறுத்திட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போதுதான் மாட்டிக்கும். தினம் ரெண்டு தடவை ஆன் ஆஃப் பண்றவங்க வினிகர்ல ஊற வெச்சு கழுவறதை தள்ளிப் போடக்கூடாது.

சாப்பாட்டு நேரத்துல மட்டும் அணைக்கிறது

இது வேற கேஸ், இதுக்கு நான் ஆதரவு. பவளத்துக்கு பொடி சாப்பாடோ அமினோ ஆசிடோ போட்டா அதை ஸ்கிம்மர் இழுத்துக் கொட்டிடக்கூடாது, ஃப்ரோசன் சாப்பாட்டுல இருக்கிற எண்ணெய் பட்டா நுரையே உக்காந்துடும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அணைக்கலாம். தானா திரும்ப ஆன் ஆகிற மாதிரி ஸ்மார்ட் ப்ளக் செட் பண்ணிடுங்க, கையால அணைச்சா மறந்துட்டு தூங்கப் போறது சகஜம். ஆன் ஆனதும் கொஞ்ச நேரம் நுரை பொங்கி கப் நிரம்பும், கப் முக்கால்வாசி நிறைஞ்சிருந்தா முன்னாடியே காலி பண்ணிடுங்க.

ரெஃபுஜியம் லைட்: இங்கதான் டைமருக்கு மதிப்பு

ஸ்கிம்மர் அழுகறதுக்கு முன்னாடி எடுக்குது, ரெஃபுஜியத்துல வளர்க்கிற கீட்டோங்கிற பாசி, கழிவு அழுகி நைட்ரேட் பாஸ்பேட் ஆனதுக்கு அப்புறம் எடுக்குது, அதனால ரெண்டும் போட்டி இல்ல. டிஸ்ப்ளே (மீனும் பவளமும் இருக்கிற மெயின் டேங்க்) லைட் அணையற நேரத்துல ரெஃபுஜியம் லைட் எரிஞ்சா பாசி ராத்திரி கார்பன் டை ஆக்சைடை இழுத்து ஆக்சிஜன் விடும், பிஎச் விழறது குறையும். பகல்ல எரிய விட்டாலும் நியூட்ரியன்ட்டை எடுக்கும்தான், ஆனா இந்த பிஎச் லாபம் கிடைக்காது, அதே கரண்ட்டுக்கு ரெண்டு வேலை நடக்கும்போது ஏன் விடணும்?

எத்தனை மணி நேரம்ங்கிறதுதான் உங்க கன்ட்ரோல். 10 இல்ல 12 மணி நேரத்துல ஆரம்பிச்சு, நைட்ரேட் இன்னும் ஏறுதுன்னா ஒண்ணு ரெண்டு மணி கூட்டுங்க, சைபரை நோக்கிப் போகுதுன்னா குறைங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஒண்ணு ரெண்டு வாரம் டைம் குடுங்க, பாசி வளர்ந்துதான் நம்பர் மாறும். வளர்ந்ததை வெட்டி வெளிய எடுத்தாதான் கணக்கு முடியும், உள்ளயே விட்டா நெருங்கி அடிப்பக்கம் வெளிச்சம் இல்லாம செத்து எல்லாத்தையும் திருப்பி விட்டுடும். காலெர்ப்பாங்கிற இன்னொரு பாசி வெச்சிருக்கிறவங்க மட்டும் கவனம், அது திடீர்னு இனப்பெருக்கத்துக்குப் போய் கண்ணாடி மாதிரி வெளுத்து தண்ணியைக் கலங்கடிக்கும், அதைத் தடுக்கத்தான் சிலர் 24 மணி நேரமும் லைட் எரிய விடறாங்க, அப்ப டைமர் கன்ட்ரோல் உங்க கைல இருக்காது. அதனாலதான் நான் கீட்டோ பக்கம்.

கீட்டோ வளரலைன்னா உடனே பெரிய லைட் வாங்காதீங்க. ரெட்ஃபீல்ட்னு ஒரு கடல் விஞ்ஞானி பேர்ல இருக்கிற விகிதம், அணுக் கணக்குல 16 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ், டெஸ்ட் கிட் நம்பர்ல மாத்தினா ஏறக்குறைய 10 பங்கு நைட்ரேட்டுக்கு 1 பங்கு பாஸ்பேட். அதையே துரத்த வேண்டாம், ஆனா பாஸ்பேட் 0.2 இருந்து நைட்ரேட் சைபர்னா பாசிக்கு ஒண்ணு கிடைக்கலன்னு அர்த்தம், எத்தனை மணி நேரம் லைட் எரிஞ்சாலும் வளராது, கொஞ்சம் நைட்ரேட் டோஸ் பண்ணினா பாஸ்பேட்டும் கூடவே இறங்கும். ரெண்டுமே சைபருக்கு வந்தா இன்னும் மோசம், டைனோஃப்ளாஜெல்லேட்ங்கிற நுண்ணுயிர் பழுப்பு சளி மாதிரி மணல்ல படர்றதுக்கு அதுதான் வசதியான நேரம். நைட்ரேட் 2லிருந்து 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03லிருந்து 0.1, இதுக்குள்ள நின்னா நான் எதையும் தொட மாட்டேன்.

ஜிஎஃப்ஓவும் கார்பன் டோசிங்கும்

ஜிஎஃப்ஓவுக்கு டைமர் வேண்டவே வேண்டாம். ரியாக்டர்ல ஓட்டம் நின்னா உள்ள தேங்கின தண்ணில ஆக்சிஜன் தீர்ந்துடும், திரும்ப ஆன் பண்ணும்போது அதுதான் டேங்குக்கு வரும். பாஸ்பேட் வேகமா இறங்கினா பவளத்துக்கும் ஆகாது, ஜிஎஃப்ஓவோட அளவைக் குறைங்க, நேரத்தை இல்ல.

கார்பன் டோசிங்னு பாக்டீரியாவுக்கு சாப்பாடா வினிகர் வோட்கா ஊத்தறவங்க ஸ்கிம்மர் டைமரை நினைச்சே பாக்கக்கூடாது. நைட்ரேட்டைத் தின்னு பெருகற பாக்டீரியாவை வெளிய எடுக்கிறதும் ஸ்கிம்மர், அதுங்க இழுக்கிற ஆக்சிஜனை ஈடு கட்டறதும் ஸ்கிம்மர். அளவு கூடிப்போய் தண்ணி பால் மாதிரி ஆகிற அன்னிக்கு ஸ்கிம்மர் அணைஞ்சிருந்தா மீனுக்கு மூச்சு முட்டும்.

சின்ன நானோ டேங்க்ல இந்தப் பஞ்சாயத்தே தேவையில்ல. 40 லிட்டர்ல 10 சதவீதம்னா 4 லிட்டர்தான், நைட்ரேட் 50ல இருந்தா அது 45க்குத்தான் வரும், ஆனா பாதித் தண்ணியை மாத்தினாலும் ஒரு பக்கெட்ல முடிஞ்சிடும், உப்பும் சூடும் சரியா பொருந்தணும் அவ்வளவுதான். அந்தக் காசுக்கு ஸ்கிம்மர் வாங்காம மேல்பரப்பை நல்லா கலக்குற மாதிரி ஒரு பம்ப் வாங்கி ராத்திரியும் ஓட விடுங்க.