பாதி அடித்த ஜிஎஸ்டி எண்: டிகே-இன்டர், கியூட்டி, வின்ஃபார்ம்ஸ்

பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு டிகே-இன்டரில் (பைத்தானில் ஜன்னல், கட்டம், பட்டன் அமைக்கும் டூல்கிட்) பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். கல்லாவில் இருக்கும் அக்கா, ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்தில் முதல் 33-ஐயும் பான் எண்ணில் பாதியையும் அடித்துவிட்டு, மீதியைப் பார்க்க ஆல்ட்-டேப் தட்டி வாட்ஸ்அப்புக்குப் போவார். அந்த நொடியே என் புரோகிராம் ‘எண் தவறு’ என்று மெசேஜ் பாக்ஸைக் காட்டும். “தம்பி, நான் இன்னும் அடிச்சே முடிக்கலையே” என்றார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எந்த டூல்கிட்டை எடுத்தாலும் முதலில் இதைத்தான் சோதிக்கிறேன்.

டிகே-இன்டரின் ஃபோகஸ்-அவுட், அதாவது கர்சர் ஒரு கட்டத்தை விட்டுப் போனதும் வரும் நிகழ்வு, அடுத்த கட்டத்துக்கு டேப் தட்டினாலும் வரும், வேறு மென்பொருளுக்குத் தாவினாலும் வரும். ஏன் போனது என்ற காரணம் அதில் இருக்காது. அடித்ததைச் சரிபார்க்க வேலிடேட்-கமாண்ட் இருக்கிறதே என்றால், அது பொய் என்று திருப்பினாலும் கர்சரைப் பிடித்து நிறுத்தாது. அதற்குள்ளேயே கட்டத்தின் எழுத்தை மாற்றினால் சோதனையே சத்தமில்லாமல் அணைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி போனது.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் டூல்கிட்டான கியூட்டி ஒரு படி மேல். ஃபோகஸ்-அவுட் நிகழ்விலேயே காரணம் வருகிறது: டேபா, மவுஸா, விண்டோ மாறியதா என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் முதலில் கை வைக்கும் ‘அடித்து முடித்தாயிற்று’ என்று சொல்லும் எடிட்டிங்-ஃபினிஷ்டு சிக்னலில் ஒரு குழி உண்டு. எண்ணைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் மாட்டியிருந்து எண் அரைகுறையாக இருந்தால் அந்த சிக்னல் வரவே வராது. சிவப்பு காட்ட வேண்டிய நேரத்தில்தான் ஊமையாகிவிடும். அதனால் ஃபோகஸ்-அவுட்டையே மேலெழுதி, நம் சோதனையை அதில் வைப்பதுதான் வழி.

இந்த விஷயத்தில் என் ஓட்டு மைக்ரோசாஃப்டின் வின்ஃபார்ம்ஸுக்கு. ஆல்ட்-டேப்பில் லாஸ்ட்-ஃபோகஸ் மட்டும்தான் வரும். கட்டத்தை விட்டு விலகும்போது வரும் லீவ் நிகழ்வும், அடித்ததைச் சரிபார்க்கும் வேலிடேட்டிங் நிகழ்வும் வராது. அதே ஃபார்முக்குள் வேறு கட்டத்துக்குப் போனால்தான் வேலிடேட்டிங் கேள்வி கேட்கும். அக்காவின் பிரச்சினை அங்கே பிறந்தே இருக்காது. வேலிடேட்டிங்கில் கேன்சல் வைத்தால் கர்சர் அங்கேயே நிற்கும். அப்படி வைத்தால் ‘ரத்து’ பட்டனில் காஸஸ்-வேலிடேஷனை (அந்தப் பட்டனுக்குப் போனால் சோதனையை ஓட வைக்கும் அமைப்பு) மறக்காமல் அணையுங்கள். இல்லையென்றால் தப்பாக அடித்தவர் வெளியேறவும் முடியாமல் மாட்டிக்கொள்வார். விண்டோஸ் மட்டும் ஓடும் கடை என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். லினக்ஸும் வேண்டும் என்றால் கியூட்டி.

பாரிமுனைக் கடையில் டிகே-இன்டரை மாற்றவில்லை. ஃபோகஸ்-அவுட் வந்ததும் ஆஃப்டர்-ஐடிலில் (கையிலிருக்கும் வேலை முடிந்ததும் ஓடச் சொல்லும் வசதி) ஒரு கணம் காத்திருந்து, ஃபோகஸ் என் புரோகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் சும்மா இருந்துவிடுகிறேன். இருந்தால் கட்டம் மட்டும் இளஞ்சிவப்பாகும். மெசேஜ் பாக்ஸ் ‘சேமி’ அழுத்தும்போது மட்டும்தான். அக்கா இப்போது ஒரே பில்லுக்கு மூன்று முறை வாட்ஸ்அப்புக்குப் போய் வருகிறார்.